பாய்க்கப்பல் நூல்களில் எதை முதலில் எடுப்பது?

பழைய வணிகப் பாய்க்கப்பலின் குறுக்கே யாரும் வரையாத கோடு ஒன்று உண்டு. முன்பாய்மரத்துக்கு முன்னால், கப்பலின் முன்முனையான அணியத்தை ஒட்டி, வெளிச்சமும் காற்றும் சரியாகப் புகாத ஓர் அறையில் சாதாரண மாலுமிகள் உண்டு உறங்குவார்கள். பின்பகுதித் தளமும் அதன் கீழுள்ள அறைகளும் கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் உரியவை. ஒருவன் ‘பாய்மரத்துக்கு முன்னால்’ போனான் என்று ஆங்கில மாலுமிகள் சொன்னால், அவன் கடைநிலைக் கூலியாளாகக் கப்பலேறினான் என்று பொருள். கடல் வாழ்க்கையைப் பற்றிய புகழ்பெற்ற நூல்களில் எதை முதலில் வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு, எழுதியவர் அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் படுத்துறங்கினார், அல்லது கப்பலிலேயே படுக்காமல் மேசையில் அமர்ந்து எழுதினாரா என்பதை முதலில் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒரே புயல் இந்த மூன்று இடங்களிலிருந்தும் மூன்று வேறு புயல்களாகத் தெரிகிறது. வாசகருக்கு வேண்டியது எந்தப் புயல் என்பதில்தான் தேர்வு அடங்கியிருக்கிறது.

வழக்கமாகத் தரப்படும் பட்டியல்களில் இருபது முப்பது பெயர்கள் இருக்கும். கப்பலில் கால் வைத்திராத, கயிறுகளின் பெயர் தெரியாத, ஆனால் அந்த வாழ்க்கையை அறிய விரும்பும் ஒருவர் உண்மையில் எடைபோட வேண்டியவர்கள் ஐந்து பேர்தான்: டேனா, நியூபி, மெல்வில், கான்ராட், ஓபிரையன். மற்றவர்களை ஆங்காங்கே தொட்டுச் செல்கிறேன்.

ரிச்சர்ட் ஹென்றி டேனா 1834 ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனிலிருந்து ‘பில்கிரிம்’ என்ற இரண்டு பாய்மரக் கப்பலில் புறப்பட்டபோது அவருக்கு வயது 19. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தவர், தட்டம்மை வந்துபோன பிறகு கண் பார்வை கெட்டுப் புத்தகத்தைத் தொட முடியாத நிலை ஏற்பட்டதால், பயணியாகப் போகாமல் கூலி மாலுமியாகவே போனார். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, அன்று மெக்சிகோவின் பகுதியாக இருந்த கலிஃபோர்னியாவுக்குச் சென்று, மாட்டுத் தோல்களைச் சேர்த்துக்கொண்டு திரும்புவதுதான் பயணத்தின் நோக்கம். அவர் ‘அலர்ட்’ என்ற வேறொரு பெரிய கப்பலில் 1836 செப்டம்பரில் பாஸ்டன் திரும்பினார். 1840இல் வெளிவந்த ‘டூ இயர்ஸ் பிஃபோர் த மாஸ்ட்’ நூலுக்குப் பதிப்பகத்தார் கொடுத்த தொகை 250 டாலர். அதற்கு முன்பு கடலைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கோட்டின் பின்பக்கத்தில் நின்றவர்கள். முன்பக்கத்திலிருந்து, படித்த ஒருவரின் தெளிவோடும் கூலியாளின் கைக்காய்ப்போடும் வந்த முதல் பெருங்குரல் என்று இந்நூலைச் சொல்லலாம்.

டேனாவின் பலம் என்னவென்று ஓரிடத்தைக் காட்டிச் சொல்வது எளிது. கேப் ஹார்னை நெருங்கும்போது, அணியத்திலிருந்து கடலின் மேல் நீண்டிருக்கும் முன்மரத்துக்குச் சென்று அங்கே படபடக்கும் முக்கோணப் பாயைச் சுருட்டிக் கட்ட வேண்டியிருக்கிறது. டேனாவும் ஜான் என்ற சுவீடன்காரரும் போகிறார்கள். கால் வைத்திருப்பதும் கயிற்றின் மேல், கையில் பிடித்திருப்பதும் ஈரத்தில் விறைத்த பாய். கப்பல் அணியம் தாழ்த்தி அலைக்குள் இறங்கும்போது இருவரும் மோவாய் வரை கடலுக்குள் போய், கப்பல் தலை நிமிரும்போது மரத்தோடு சேர்ந்து ஆகாயத்துக்கு எழும்புகிறார்கள். இதைச் சொல்லும்போது டேனா குரலை உயர்த்துவதே இல்லை. அஞ்சினேன் என்றோ வீரத்தோடு நின்றேன் என்றோ சொல்லாமல், எந்தக் கயிறு, எந்தக் கை, எத்தனை முறை முங்கினோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பாய் கட்டப்பட்டது, கீழே இறங்கினோம், உடை மாற்றினோம் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். பின்னாளில் மெல்வில், அந்தக் கேப் ஹார்ன் அத்தியாயங்கள் பனிக்கட்டி ஊசியால் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற பொருளில் புகழ்ந்ததற்குக் காரணம் இந்தக் கட்டுப்பாடுதான்.

குறையையும் மறைக்கக் கூடாது. நூலின் பெரும்பகுதி கடலில் நடப்பதில்லை. கலிஃபோர்னியக் கரையோரமாகக் கப்பல் மாதக்கணக்கில் மேலும் கீழும் போய்வர, மாலுமிகள் பலகைபோல் விறைத்த தோல்களைத் தலையில் சுமந்து, அலை உடையும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து படகில் ஏற்றுகிறார்கள். சான் ஹுவான் என்ற இடத்தில் பாதை இல்லாததால் செங்குத்தான பாறை உச்சியிலிருந்து தோல்களைக் கீழே வீசி எறிகிறார்கள். அவற்றில் சில பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ள, டேனாவே கயிற்றில் தொங்கி இறங்கி எடுத்துவிடுகிறார். கடலைத் தேடி வந்த வாசகர் நடுவில் நூறு பக்கத்துக்குத் தோல் சுமக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே இந்த நூலை எடுப்பது நல்லது. ஆனால் அந்தச் சலிப்பே இந்த நூலின் உண்மை என்பது என் கருத்து; கப்பல் வாழ்க்கையில் புயல் எப்போதோ வருவது, சுமை தினமும் வருவது.

சான் பெட்ரோவில் நங்கூரமிட்டிருந்தபோது கேப்டன் தாம்ப்சன் இருவரைத் தம் கையாலேயே சவுக்கால் அடிக்கும் அத்தியாயம் இந்நூலின் மையம். முதலில் அடிபட்டவர் சாம். ஏன் அவரை அடிக்கிறீர்கள் என்று கேட்டதற்காக அடிபட்டவர், முன்மரத்தில் டேனாவோடு நின்ற அதே ஜான். அன்று ஒன்றும் செய்ய முடியாமல் தளத்தின் ஓரத்தில் நின்று குமட்டலோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாணவர், திரும்பிய பின் வழக்கறிஞராகி மாலுமிகளின் வழக்குகளை நடத்தினார். மாலுமிகளுக்குரிய சட்டங்களையும் கப்பல் வேலைகளையும் விளக்கும் கையேடு ஒன்றை 1841இல் வெளியிட்டார். கேப்டனின் அறையிலிருந்து எழுதிய எவரும் அந்தச் சவுக்கடியை இப்படி எழுதியிருக்க முடியாது.

டேனாவுக்கு நேர் எதிரே வைத்துப் பார்க்க வேண்டியவர், நூறாண்டுக்குப் பின் அதே கோட்டின் அதே பக்கத்தில் படுத்த எரிக் நியூபி. 1938இல், லண்டன் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 18 வயது இளைஞர், ஃபின்லாந்தின் ஓலாந்து தீவுகளைச் சேர்ந்த குஸ்டாஃப் எரிக்சன் என்ற கப்பல் முதலாளியிடம் 50 பவுண்டு கட்டிப் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்தார். அவர் ஏறியது ‘மோஷுலு’. 1904இல் கட்டப்பட்ட நான்கு பாய்மர எஃகுக் கப்பல். பெல்ஃபாஸ்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய், கோதுமை ஏற்றிக்கொண்டு கேப் ஹார்ன் வழியாக அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் திரும்பினார்கள். கோதுமையோடு முதலில் யார் வந்து சேர்வது என்று கப்பல்களுக்குள் நடந்த எழுதப்படாத போட்டியில், 1939இல் ‘மோஷுலு’ 91 நாளில் வந்து முதலிடம் பெற்றது. அதைப் பற்றிய ‘த லாஸ்ட் கிரெய்ன் ரேஸ்’ 1956இல்தான் வெளிவந்தது.

நீராவிக் கப்பல்கள் கடலை நிறைத்துவிட்ட அந்தக் காலத்திலும் பாய்க்கப்பல் ஏன் ஓடியது என்ற கேள்விக்கு இந்நூலில் கிடைக்கும் விடை சுவையானது. கோதுமை அவசரமில்லாத சரக்கு. கப்பலில் இருக்கும் வரை அதற்குக் கிடங்கு வாடகை கிடையாது. காற்றுக்கு விலை இல்லை. வேலை செய்பவர்களில் பலர் சம்பளம் வாங்குவதற்குப் பதில் பணம் கட்டிச் சேர்ந்த பையன்கள். ஆகவே பழைய கப்பல்களை மலிவாக வாங்கி ஓட்டிய எரிக்சனுக்குக் கணக்குக் கட்டுபடியானது. வீரக் கதையின் அடியில் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடப்பதை நியூபி ஒளிக்காமல் காட்டுகிறார்.

கப்பலேறிய அன்றே பாய்மரத்தின் மேல் ஏறு என்று உத்தரவு வருகிறது. ஏணி போலக் கட்டிய கயிற்று வலை முதலில் அகலமாகவும், மேலே போகப் போகக் கால் நுழையாத அளவுக்குக் குறுகியும் போக, நடுவில் தளம் ஒன்று தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்க, அதைத் தாண்டப் பின்பக்கமாகச் சாய்ந்து, முதுகு கீழே பார்க்கத் தொங்கியபடி ஏற வேண்டும். நியூபி தம் அச்சத்தை மறைக்காமல் சிரிப்பாக்கிவிடுகிறார். கப்பலில் உத்தரவுகளெல்லாம் சுவீடிய மொழியில் வருவதால் அவருக்கும் ஒன்றும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. அவர் கற்கும் வேகத்திலேயே நாமும் கற்கிறோம். புதிய வாசகருக்கு இதைவிட நல்ல வழித்துணை கிடைப்பது அரிது. மூட்டைப்பூச்சி, துரு சுரண்டுதல், ஈரமான படுக்கை, சோற்றுக்காக நடக்கும் சில்லறைச் சண்டைகள் எல்லாம் உண்டு. ஆனால் டேனாவிடம் இருக்கும் ஒன்று இவரிடம் இல்லை. விரும்பினால் திரும்பிப் போக வீடும் வேலையும் உள்ளவரின் பயணம் இது. வேறு வழியற்ற மனிதர்கள் இதில் ஓரமாகவே வருகிறார்கள். டேனாவும் வசதியான வீட்டுப் பிள்ளைதான், ஆனால் அவர் அந்த வேறுபாட்டை உணர்ந்து வெட்கப்பட்டார்.

நியூபியின் தலைப்பிலுள்ள ‘கடைசி’ என்ற சொல் சிறிது மிகை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் 1949இல் ‘பாமிர்’, ‘பாசாட்’ என்ற இரு கப்பல்கள் கோதுமையோடு மீண்டும் கேப் ஹார்னைச் சுற்றின. உண்மையான கடைசி அதுதான். அந்தப் ‘பாமிர்’ 1957இல் அட்லாண்டிக்கில் சூறாவளியில் மூழ்கியபோது 86 பேரில் 6 பேர் மட்டுமே பிழைத்தார்கள். இதே காலத்தை, இதே எரிக்சன் வகைக் கப்பல்களை, சிரிப்பில்லாமல், இரங்கற்பா பாடும் மனத்தோடு எழுதியவர் ஆலன் வில்லியர்ஸ். 1929இல் ‘கிரேஸ் ஹார்வார்’ கப்பலில் அவரோடு படம் எடுக்கச் சென்ற நண்பர் வாக்கர் பயணத்திலேயே விபத்தில் இறந்ததை ‘பை வே ஆஃப் கேப் ஹார்ன்’ நூலில் எழுதியிருக்கிறார். மாலுமி என்ற முறையில் வில்லியர்ஸ் நியூபியைவிடப் பல மடங்கு தேர்ந்தவர். எழுத்தாளர் என்ற முறையில் நியூபியே மேல் என்று நினைக்கிறேன். பாய்க்கப்பலின் அருமையை வில்லியர்ஸ் அடிக்கடி எடுத்துரைக்கிறார். எடுத்துரைக்கும்போது அருமை சற்றுக் குறைந்துவிடுகிறது.

இங்கே கலைச்சொல் பிரச்சினையைப் பேசிவிட வேண்டும், ஏனெனில் பலர் இந்த நூல்களைப் பாதியில் வைப்பது அதனால்தான். ஒரு பாய்க்கப்பலில் ஒவ்வொரு பாய்க்கும், அதைத் தூக்கும் கயிற்றுக்கும், இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் தனித்தனிப் பெயர். டேனா எதையும் விளக்குவதில்லை. நியூபி திணறலோடு விளக்குகிறார். மெல்வில் விளக்கத்தையே கலைக்களஞ்சியமாக விரிக்கிறார். ஓபிரையன் தம் கதையில் கப்பல் தெரியாத ஒரு மருத்துவரை வைத்து, அவர் கேட்கும் கேள்விகளின் வழியே நமக்கும் சொல்லித்தருகிறார். கான்ராட் நமக்கு எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறார். ‘த மிரர் ஆஃப் த சீ’ என்ற கட்டுரைத் தொகுப்பில் கான்ராட், பத்திரிகைக்காரர்கள் நங்கூரத்தை ‘வீசினார்கள்’ என்று எழுதுவதைப் பொறுக்காமல் கடிந்துகொள்ளும் இடம் உண்டு. நங்கூரம் எறியப்படும் பொருள் அன்று. அது கப்பலின் பக்கவாட்டில் தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கும், கட்டை அவிழ்த்தால் தானாக விழும். ஆகவே அதை ‘விட்டார்கள்’ என்பதே சரி. ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு கோபமா என்று முதலில் தோன்றும். இருட்டில், காற்றில், ஒரே ஒரு முறை மட்டும் கத்திச் சொல்ல முடிகிற உத்தரவில் சொல் தவறினால் ஆள் சாவான் என்பதை நினைத்தால், அந்தக் கோபம் நியாயமாகிவிடும். வாசகர் செய்யக் கூடிய எளிய உதவி ஒன்று உண்டு: பாய்களின் பெயர் குறித்த படம் ஒன்றைப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளலாம். படிக்கும்போது பத்து முறை பார்த்த பிறகு அது தேவைப்படாது.

அடுத்து, பெரும்பாலோர் முதலில் நினைக்கும் பெயர்: ஹெர்மன் மெல்வில். 1841 ஜனவரியில் ‘அக்குஷ்னெட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் புறப்பட்டு, அடுத்த ஆண்டே பசிபிக் கடலின் மார்க்கேசஸ் தீவில் அதிலிருந்து ஓடிப்போனவர். 1851இல் வந்த ‘மோபி டிக்’ உலக இலக்கியத்தின் பெருநூல் என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் பாய்க்கப்பல் வாழ்க்கையை அறிய விரும்புபவர் தொடங்க வேண்டிய நூல் அது அன்று. அதன் 135 அத்தியாயங்களில் கப்பலோட்டுவது ஒரு பின்புலம்தான். திமிங்கிலமும், அதன் எலும்பும் எண்ணெயும், கடவுளும் விதியும்தான் முன்னால் நிற்கின்றன. இருந்தாலும் பாய்மர உச்சிக் காவலைப் பற்றிய அத்தியாயத்தைத் தனியாக எடுத்துப் படிக்கலாம். தளத்திலிருந்து நூறு அடி உயரத்தில், இரண்டு மெல்லிய குறுக்குக் கட்டைகளின் மேல் கால் வைத்து, தடுப்பு ஏதுமின்றி நிற்கும் காவலாளி, வெயிலும் அலையின் தாலாட்டும் சேர மெல்ல மெல்லச் சிந்தனையில் கரைந்துபோகிறான். ஓர் அங்குலம் கால் வழுகினால் போதும், நடுப்பகலில், ஒரே ஒரு அலறலோடு கடலுக்குள். கப்பலின் ஆபத்து புயலில் மட்டும் இல்லை, அமைதியிலும் இருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாக எவரும் எழுதவில்லை.

மெல்வில்தான் வேண்டும் என்பவர்களுக்கு 1850இல் வந்த ‘ஒயிட் ஜாக்கெட்’ பொருத்தமானது. ‘யுனைட்டெட் ஸ்டேட்ஸ்’ என்ற போர்க்கப்பலில் 1843 முதல் 1844 வரை சாதாரண மாலுமியாகப் பணியாற்றிய அனுபவத்திலிருந்து எழுந்த நூல். ஐந்நூறு ஆண்கள் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி வாழ்கிறார்கள், எத்தனை பேர் வரிசையாக ஊஞ்சல் படுக்கையில் தொங்குகிறார்கள், சவுக்கடியை எப்படி எல்லோரையும் கூட்டி வைத்து நடத்துகிறார்கள் என்பதெல்லாம் இதில் உண்டு. அமெரிக்கக் கடற்படையில் சவுக்கடி அதே 1850 செப்டம்பரில் தடை செய்யப்பட்டதால், இந்த நூலே அதைச் சாதித்தது என்று சிலர் எழுதுவார்கள். விவாதம் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது என்பதால் அது மிகைதான். மேலும், கதைசொல்லி குறுக்குக் கழியிலிருந்து கடலில் விழும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை மெல்வில் வேறொரு மாலுமியின் நூலிலிருந்து எடுத்து வளர்த்தார் என்பது ஆய்வாளர்கள் காட்டியது. டேனா நேரில் கண்டதைச் சாட்சியம் போலச் சொல்பவர், மெல்வில் கண்டதையும் படித்ததையும் கலந்து கட்டுபவர். சாட்சியம் வேண்டுமா, கட்டடம் வேண்டுமா என்பதைப் பொறுத்து இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஜோசப் கான்ராட் கோட்டைக் கடந்தவர். போலந்துக்காரர், பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் கடைநிலையில் தொடங்கி, 1886இல் கேப்டன் தகுதிச் சான்றிதழ் பெற்றார். முன்னறையின் நாற்றமும் தெரியும், பின்தளத்தின் தனிமையும் தெரியும். 1884இல் மதராஸில் கேப்டனோடு மனக்கசப்பு ஏற்பட்டு ‘ரிவர்ஸ்டேல்’ கப்பலை விட்டு இறங்கிய அவர், பம்பாய்க்குப் போய் ‘நார்சிஸஸ்’ என்ற கப்பலில் சேர்ந்தார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் 1897இல் வந்த நாவல். அதன் தலைப்பில் கப்பலின் பெயரோடு சேர்ந்து வரும் இனச்சொல்லை இன்று யாரும் நாக்கூசாமல் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் அது முதலில் ‘த சில்ட்ரன் ஆஃப் த சீ’ என்ற வேறு தலைப்பிலேயே வந்தது. தலைப்பைத் தாண்டி உள்ளே போனால், ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அப்பால் கப்பல் ஒருக்களித்து விழுந்து எழ முடியாமல் கிடக்கும் நெடிய புயல் காட்சி இருக்கிறது. சரிந்த தளத்தில் தங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆட்கள் விறைத்துத் தொங்குகிறார்கள். பாய்மரங்களை வெட்டிவிடலாம் என்று அவர்கள் கெஞ்ச, கேப்டன் மறுக்கிறார். அந்த நேரத்தில் சமையற்காரர் ஊர்ந்து சென்று, பாதி மூழ்கிய சமையலறையில் எப்படியோ அடுப்பை மூட்டி எல்லோருக்கும் சூடான காப்பி கொண்டுவருகிறார். கப்பல் மிதக்கும் வரை சமைப்பேன் என்கிறார். கடல் இலக்கியம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த காப்பி அதுதான்.

ஆனால் கான்ராடைத் தொடங்க ‘யூத்’ என்ற சிறுநூல் போதும். 1898இல் வந்தது, ஓர் இரவில் முடிந்துவிடும். பழைய கப்பல் ஒன்று நிலக்கரி ஏற்றிக்கொண்டு பாங்காக்குக்குப் புறப்பட்டு, ஒழுகி, திரும்பி, மீண்டும் புறப்பட்டு, நடுக்கடலில் சரக்குக்குள்ளேயே தீப்பிடித்து வெடிக்கும் கதை. கான்ராட் பணியாற்றிய ‘பாலஸ்தீன்’ கப்பலுக்கு உண்மையில் நடந்ததுதான். முதன்முறையாகக் கப்பலின் பொறுப்பேற்றவரின் மனநிலையை அறிய விரும்புபவர் 1917இல் வந்த ‘த ஷேடோ லைன்’ படிக்கலாம். அதில் புயலே இல்லை. காற்றே இல்லாத சயாம் வளைகுடாவில் கப்பல் நாள் கணக்கில் அசையாமல் நிற்க, ஆட்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுகிறார்கள். கொயினா மருந்து இருக்கிறதே என்று நம்பிப் புட்டிகளைத் திறந்தால், இறந்துபோன முந்தைய கேப்டன் மருந்தை விற்றுவிட்டு வேறு பொடியை அடைத்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களில் அதிகாரத்தின் எடை என்ன என்று தெரியும். கோட்டின் பின்பக்கத்துக்கு இதற்கு நிகரான நூல் எனக்குத் தெரியவில்லை.

மேசையிலிருந்து எழுதியவர்களில் தலையானவர் பேட்ரிக் ஓபிரையன். 1969இல் ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ தொடங்கி 1999 வரை 20 நாவல்கள். நெப்போலியன் காலப் பிரிட்டிஷ் கடற்படை. ஜாக் ஆப்ரி என்ற கேப்டனும் ஸ்டீஃபன் மாட்டுரின் என்ற மருத்துவரும். பெரும்பாலோர் இவரையே முதலில் படிக்கச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி, அறுபதாம் பக்கத்தில் கயிற்றுப் பெயர்களுக்குள் சிக்கிப் புத்தகத்தை மூடி வைத்தேன்; டேனாவைப் படித்த பிறகு மீண்டும் எடுத்தபோது அதே பக்கங்கள் இழுத்துக்கொண்டு போயின. ஆகவே என் அறிவுரை அனுபவத்திலிருந்து வருவது. ஓபிரையனின் சிறப்பு அவர் கற்பனையைவிட அவர் ஆவணப் படிப்பில் இருக்கிறது. முதல் நாவலின் உச்சப் போர், தாமஸ் காக்ரேன் என்ற உண்மையான கேப்டன் 1801 மே 6 அன்று, 14 பீரங்கியும் 54 ஆட்களும் கொண்ட ‘ஸ்பீடி’ கப்பலை வைத்து, 32 பீரங்கியும் 319 ஆட்களும் கொண்ட ‘கமோ’ என்ற ஸ்பானியக் கப்பலைக் கைப்பற்றிய நிகழ்வைத் தழுவியது. இவ்வளவு நம்ப முடியாத எண்களை நாவலாசிரியர் இட்டுக்கட்டியிருந்தால் நாமே சிரித்திருப்போம்.

இவரையும் சி. எஸ். ஃபாரெஸ்டரையும் ஒப்பிடாமல் பேச முடியாது. 1937இல் தொடங்கிய ஹார்ன்பிளோவர் கதைகள் வேகமானவை, தெளிவானவை, ஒவ்வொன்றும் தனியாக நிற்பவை. கதாநாயகனுக்குக் கடலில் வாந்தி வரும், தன்மேல் நம்பிக்கை இருக்காது, அதை மறைக்கவே கடுகடுப்பாக இருப்பார். கதை வேண்டுவோருக்கு ஃபாரெஸ்டர், அந்தக் காலத்துக்குள் குடியேற வேண்டுவோருக்கு ஓபிரையன். இருவருக்கும் முன்னோடியான ஃபிரெடரிக் மாரியட், சிறுவனாகக் கடற்படையில் சேர்ந்து காக்ரேனின் கீழேயே பணியாற்றியவர். நேரில் கண்டவர் என்ற தகுதி அவருக்கு உண்டு, ஆனால் அவருடைய நகைச்சுவை இன்று பல இடங்களில் சுருதி சேரவில்லை. ஆராய்ச்சி ஆர்வம் இருந்தால் ஒழிய முதலில் எடுக்க வேண்டியதில்லை.

ஜோஷுவா ஸ்லோக்கம் இந்த வரிசைக்குள் சரியாக அடங்காதவர். பெரிய பாய்க்கப்பல்களின் கேப்டனாக இருந்து, நீராவியின் வரவால் வேலையிழந்து, 36 அடி 9 அங்குல நீளமுள்ள ‘ஸ்ப்ரே’ என்ற பாழடைந்த படகைத் தம் கையால் புதுப்பித்து, 1895 முதல் 1898 வரை தனியாளாக உலகைச் சுற்றியவர். மாகெல்லன் நீரிணையில் இரவில் யாரும் திருட்டுத்தனமாக ஏறாதிருக்கத் தளமெங்கும் விரிப்பு ஆணிகளைப் பரப்பிவிட்டுத் தூங்கப் போகிறார்; வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதிக்கும் சத்தத்தில் விழிக்கிறார். அவர் படகில் அந்தக் கோடே இல்லை. மாலுமியும் கேப்டனும் சமையற்காரரும் அவரே. கப்பல் என்ற சமூகத்தை அறிய விரும்புபவருக்கு இது பதில் ஆகாது. தனிமையையும் கைத்திறனையும் விரும்புபவருக்கு, இங்கே சொன்ன எல்லா நூல்களையும்விட இனிமையானது இதுதான்.

வாசகர் முன்கூட்டியே அறிய வேண்டிய கசப்பு ஒன்று இருக்கிறது. இந்த நூல்கள் ஏறக்குறைய முழுக்க ஆண்களின் உலகம். பிற இனத்தாரைப் பற்றிய அக்காலத்துப் பார்வை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டேனா கலிஃபோர்னியாவின் மெக்சிகோ மக்களைச் சோம்பேறிகள் என்று எளிதாகத் தள்ளிவிடுகிறார். அதே டேனா, கரையில் தம்மோடு தோல் பதப்படுத்திய ஹவாய்த் தீவினர் பணம் கொடுத்துக் கூப்பிட்டாலும் கப்பலேறாமல் பகிர்ந்துண்டு வாழ்ந்ததை வியந்து எழுதுகிறார். ஹோப் என்ற நண்பர் நோயில் விழுந்தபோது கேப்டன் தாம்ப்சன் மருந்து தர மறுத்ததை எழுதும் இடத்தில் அவர் கோபம் முதன்முறையாகக் கட்டு மீறுகிறது. ஒரே மனிதரிடம் இரண்டும் இருப்பதைக் காண்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான்.

பதிப்பு விஷயத்தில் சில செய்திகள். டேனா, மெல்வில், கான்ராட், ஸ்லோக்கம், மாரியட் ஆகியோரின் நூல்கள் காப்புரிமை நீங்கியவை. குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நியூபியையும் ஓபிரையனையும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். டேனாவை எடுக்கும்போது, 1859இல் மீண்டும் கலிஃபோர்னியா சென்று பார்த்துவிட்டு அவர் சேர்த்த ‘இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்’ என்ற பகுதி இருக்கும் பதிப்பாகப் பார்த்து எடுங்கள். யாருமற்ற விரிகுடாவாக விட்டுப்போன இடத்தில் சான் பிரான்சிஸ்கோ என்ற நகரம் விளக்குகளோடு நிற்பதை அவர் கப்பல் தளத்திலிருந்து பார்க்கும் பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன. ‘மோபி டிக்’கின் சுருக்கப் பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள், திமிங்கிலத்தைத் துரத்தும் கதையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிய பதிப்பில், வெட்டப்பட்டதுதான் மெல்வில்.

என் முடிவு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடை உங்களுக்குச் சுமையாக இல்லாவிட்டால் டேனாவில் தொடங்குங்கள். சுமையாக இருந்தால் நியூபியில் தொடங்கி, அடுத்ததாக டேனாவுக்கு வாருங்கள். இருவரில் ஒருவரை முடித்த பிறகு கான்ராடின் ‘யூத்’, ‘த ஷேடோ லைன்’ இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் கோட்டின் மறுபக்கமும் தெரிந்துவிடும். அதன் பிறகு ஓபிரையனின் இருபது நூல்கள் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் தாங்கும். எதையும் வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க விரும்பினால், இணையத்தில் டேனாவின் ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து, அந்த முன்மரத்தில் இரண்டு பேர் அலைக்குள் முங்கி எழும் பத்தி வரை மட்டும் படியுங்கள். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.